ஒரு ரூபாய் நாற்பது காசு

செக்காலை ரோட்டு மாடியில், ஆடிட்டர் ஆபீசில்
என் கணக்கு இடிக்காது என்று பெயர்.
ஒரு ரூபாய் நாற்பது காசு இடித்ததற்காக
ஒரு பெட்ரோல் பங்கின் பேரேட்டை
இரவு பத்தரை வரை
மூன்று முறை புரட்டியவள் நான்.
பிடிபட்டபோது பசி இல்லை.
பசியைவிட ருசியாக ஏதோ இருந்தது.

அப்படித்தான் தொடங்கியது என்றால் பொய்.
எது முதலில் என்று எனக்கே தெரியாது.
மூன்று மார்க்கில் ஒரு தாள் போன நாளா,
அண்ணன் கல்யாணத்தன்று காலை
பிளவுஸின் கடைசிக் கொக்கி
மாட்டாமல் நின்றதா.
சிரித்தவர்கள் அன்பாகத்தான் சிரித்தார்கள்.

பிறகு ஒரு சிறு நோட்டு.
இட்லி இரண்டு. பிறகு ஒன்று. பிறகு பாதி,
அதையும் விண்டு விண்டு, சட்னி தொடாமல்.
கந்தரப்பம், சீயம், கவுனரிசி
எல்லாவற்றுக்கும் ஓர் எண் கண்டுபிடித்தேன்.
எண் தெரியாத எதையும் வாயில் வைக்கவில்லை.

அப்பாவுக்குக் கேட்டரிங்.
இருநூறு இலைக்கு உப்புப் பார்க்க
என்னைத்தான் கூப்பிடுவார்.
நாக்கு நுனியில் வைத்து
"சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு
கொல்லையில் துப்பிவிட்டு வருவேன்.
ஒருநாளும் உப்புத் தவறியதில்லை.

ஆடியில் வரவில்லை.
ஆவணியில் வரவில்லை.
புரட்டாசியில் நான் எதிர்பார்க்கவே இல்லை.
உண்மையைச் சொல்கிறேன்,
ஒரு செலவுத் தலைப்பு
தானாக ரத்தானதுபோல் இருந்தது எனக்கு.

வீட்டில் யார் கேட்பார்கள்?
நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்குப்
பானை பொங்கும்வரை நின்றேன்.
படைப்பு வீட்டில் இலை போட்டேன்.
"தேனா எந்த விசேசத்துக்கும் தள்ளி நின்னதில்ல,
அவளுக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான்" என்று
அயித்தை எல்லார் முன்னும் சொன்னாள்.
நான் கூச்சப்பட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்காக மட்டும்
மாதம் நான்கு நாள்
புது நாப்கினைப் பிரித்து, சுருட்டி,
பேப்பரில் மடித்துக் குப்பையில் போட்டேன்.
வவுச்சர் இல்லாத மாதம் இருக்கக் கூடாது.

குப்பை வண்டி தள்ளும் பொன்னழகு அக்காதான்
வாசலில் குரல் தாழ்த்திக் கேட்டாள்:
"பாப்பா, பொட்டலம் கனமே இல்ல.
பிரிச்சுப் பாக்கல, கையே சொல்லுது.
வேணாம்னா எம் மகளுக்குக் குடேன்.
எட்டாவது படிக்குது,
துணிதான் வைக்குது."

அன்று முழுப் பாக்கெட்டையும் கொடுத்தேன்.
மாடியேறுகையில் கால் நடுங்கி
பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
பங்குனி வெயில். எனக்குக் குளிர்ந்தது.

டாக்டர் மெஹராஜ் ஸ்கேனில் காட்டினார்:
உட்சுவர், காகிதம்போல.
"கர்ப்பப்பைமேல குத்தம் இல்லம்மா.
உடம்பு கெட்டிக்காரி,
இருப்புக் குறைஞ்சா முதல்ல இதைத்தான் நிறுத்தும்.
எலும்பு வரைக்கும் கைவைக்கும்."
பிறகு எதிர்பாராமல்,
"கணக்குல தப்பு வந்தா என்ன செய்வே?" என்றார்.
பெட்ரோல் பங்குக் கதையைப் பெருமையாகச் சொன்னேன்.
எழுதுவதை நிறுத்தினார்.
"கணக்கை இல்ல.
உன்னை என்ன செய்வேன்னு கேட்டேன்."

மதுரையில் ஒருவரைப் பார்க்கச்
சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.
பைக்குள் கிடக்கிறது,
நான்காய் மடித்த மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது.

இன்று கல்லுக்கட்டியில் வெள்ளைப் பணியாரம்.
எண்ணெய் ஊறிய காகிதத்தில் நான்கு.
இரண்டு தின்றேன். மூன்றாவதில் ஓரம் மட்டும்.
நோட்டைத் திறந்து எண்ணை எழுதி,
அடித்து,
அடித்ததன் பக்கத்திலேயே மறுபடி எழுதினேன்.
காரச் சட்னி நாக்கில் எரிந்துகொண்டிருந்தது.
துப்பவில்லை.
தேவகோட்டை பஸ் நிற்காமல் போனது.
அடுத்தது வரப் பதினைந்து நிமிடம் என்றார்கள்.
கையில் இன்னும் ஒன்றே முக்கால் இருக்கிறது,
ஆறிக்கொண்டு.